கேட்காத கேள்வி

பழைய மோட்டார் சைக்கிளின் மேல் ஆசை வைத்தவனைத் திருத்த முடியாது. புது வண்டி வாங்குகிறவன் கடைக்குப் போகிறான். பழைய வண்டிப் பைத்தியமோ, பெண் தேடுகிறவனைப் போல ஊர் ஊராக அலைகிறான். நானும் அந்த ஜாதியில் ஒருவன்.

இந்தச் சந்தையில் ஒரு வேடிக்கை உண்டு. அன்று சீந்துவாரற்றுக் கிடந்தவைக்குத்தான் இன்று கிராக்கி. 1983-ல் வந்த ராஜ்தூத் 350-ஐ, பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படியாகாது என்று ஜனங்கள் ஒதுக்கினார்கள். இன்று ஓடாத ராஜ்தூத் ஒன்று கிடைத்தாலும் கொத்திக்கொண்டு போக ஆள் நிற்கிறது. மைசூர்த் தொழிற்சாலை 1996-ல் மூடிய பிறகு எத்தனையோ யெஸ்டிகள் மாட்டுக் கொட்டகையில் துருவேறிக் கிடந்தன. இன்று அவற்றுக்கும் யோகம்.

இவற்றில் எனக்கு மோகம் டீசல் புல்லட்டின் மேல். திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனி டாரஸ் என்ற பெயரில் விற்ற வண்டி. 325 சி.சி. எஞ்சின், ஆறரைக் குதிரைச் சக்தி, அதாவது வேகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வயலில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைச் சக்கரத்தில் ஏற்றிவிட்டது போலத் தடதடவென்று உடம்பையெல்லாம் உலுக்கும். ஆனால் ஒரு லிட்டர் டீசலில் வெகுதூரம் போகும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 2000-ஐ ஒட்டி அது நின்று போயிற்று.

அப்படி ஒன்று அதிராம்பட்டினத்தில் விலைக்கு இருப்பதாகப் பட்டுக்கோட்டை மெக்கானிக் ஒருவர் சொன்னார். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். தென்னந்தோப்புகளைத் தாண்டி ஊரை நெருங்கும்போதே காற்றில் உப்பு கரித்தது. உப்பளத்துக்கு நல்ல காற்று, இரும்புக்கு எமன்.

வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். வண்டியைத் திண்ணைக்குப் பக்கத்தில், ஓலைச் சார்ப்பின் கீழ் நிறுத்தியிருந்தார். கறுப்பு டேங்கில் தங்கக் கோடு இன்னும் அழியவில்லை. நான் வேறொன்றும் கேட்கவில்லை. விலையைத்தான் கேட்டேன். சொன்னார். மறு பேச்சில்லாமல் பையைத் திறந்தேன்.

"கொஞ்சம் இருங்க தம்பி" என்று அவர் பேரனைக் கூப்பிட்டு ஸ்பேனர் கொண்டுவரச் சொன்னார். சீட்டையும் டேங்கையும் கழற்றி இறக்கினார்கள். உள்ளே, சேசிஸில் ஒரு விரல் நீளத்துக்கு வெல்டிங் வடு.

"இந்த இடத்துல விட்டுப் போச்சு. ஒட்டவச்சிருக்கு. இந்த எஞ்சின் ஆட்டுற ஆட்டத்துக்கு எத்தனை நாள் தாங்கும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். இதைப் பார்த்துட்டு விலையைப் பேசுங்க."

"நான் கேட்கவே இல்லையே, பாய்!"

"நீங்க கேக்கமாட்டீங்க தம்பி. வந்ததுலேருந்து டேங்கைத் தடவிக்கிட்டே நிக்கிறீங்க. அதான் நானே சொல்லவேண்டியதாப் போச்சு."

எனக்கு முகம் சுட்டது. காரணம் அவருக்குத் தெரியாது.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் என்னுடைய யெஸ்டியை விற்றேன். வாங்கியவன் மன்னார்குடிப் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். ஒரு விபத்தில் வளைந்த முன் ஃபோர்க்கை நிமிர்த்தி மாட்டியிருந்த சமாசாரம் எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஆனால் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினான்கு நாளைக்குள் கொடுக்க வேண்டிய தகவலை ஒழுங்காகக் கொடுத்தேன். காகிதத்தில் நான் யோக்கியன்.

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டமும் எனக்கு அநுகூலம்தான். 1872-ல் இயற்றிய அந்தச் சட்டத்தின் பதினேழாவது பிரிவில் ஒரு குதிரை வருகிறது. குதிரைக்குக் கோளாறு என்று தெரிந்தும் வாய் திறக்காமல் ஏலத்தில் விற்கிறான் ஒருவன். அது மோசடி அல்ல என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தில், அதே குதிரையை வாங்குகிறவள் விற்பவனுடைய மகள், இப்போதுதான் மேஜரானவள். அங்கே அந்த உறவே அவனைச் சொல்லக் கடமைப்படுத்துகிறது. இன்னோர் உதாரணம்: 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்கிறான் வாங்குகிறவன். விற்பவன் பேசாமலிருக்கிறான். அங்கே மௌனம் பேச்சுக்குச் சமம்.

ரோமாபுரிச் சிசரோ கி.மு. 44-ல் தம் மகனுக்கு எழுதிய நூலிலும் இந்தத் தகராறு உண்டு. பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வியாபாரி தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். சொல்லவேண்டுமா? சட்டம் கேட்கும் அளவு சொன்னால் போதும் என்கிறார் டயோஜினிஸ் என்ற ஆசிரியர். எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முப்பது வருஷத்து வண்டியில் கீறல் இருக்கும், எண்ணெய் கசியும். இதை வாங்குகிறவனும் அறிவான். ஒவ்வொரு கீறலுக்கும் சாட்சி சொல்லவேண்டியதில்லை. ஆனால் எலும்பை முறிக்கக்கூடிய ஒன்று, விற்கிறவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று, அந்தக் கணக்கில் சேருமா?

அரிய பொருளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அரிசிக்குச் சந்தை விலை உண்டு. நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்கலாம். டீசல் புல்லட்டுக்கு எங்கே போய் ஒப்பிடுவது? வாங்குகிறவனுடைய ஆசைதான் அதற்கு விலை. அந்த ஆசையே அவனுடைய கேள்விகளையும் விழுங்கிவிடுகிறது. அவன் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், 'நீ மறுக்காவிட்டால் நன்றாக இருக்கிறது என்றே நம்புவேன்' என்று அவன் கண் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த யெஸ்டியை அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றான் மன்னார்குடிப் பையன். நான் அன்று சும்மா இருந்ததாக நினைத்திருந்தேன். சும்மா இருக்கவில்லை, பொய் சொன்னேன்.

அவரே குறைத்த விலைக்கு அந்த வண்டியை வாங்கினேன். சேசிஸை மாற்றித்தான் ரோட்டில் இறக்கினேன்.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனுடைய பழைய டெலிபோன் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். வேறு யாரோ பேசினார்கள். மன்னார்குடிக்குப் போய் விசாரித்தும் துப்புக் கிடைக்கவில்லை. அவன் நன்றாக இருக்கலாம். அந்த ஃபோர்க்கை எவனாவது நல்ல மெக்கானிக் கண்டுபிடித்து மாற்றியிருக்கலாம்.

இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லோடுதான் அன்றிலிருந்து நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.