மீண்டும் தோன்றிய கட்டி

அந்தமான் நிகோபார்த் தீவுக் கூட்டத்தில் கச்சால் என்றொரு தீவு உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, ரப்பர்த் தோட்டத்தை நம்பி அங்கே குடியேறின. அத்தகைய தீவில் வாழும் ஒருவருக்குக் கழுத்தில் காசநோய்க் கட்டி கண்டால், பெரிய மருத்துவமனையை நாடிக் கடல் கடந்து தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திற்கு (2024 வரை போர்ட் பிளேர்) வர நேரும். மாதக்கணக்கில் மருந்துண்டு, குணமாயிற்று என்று நிம்மதி அடைந்த பிறகு, ஒருநாள் விரல் மீண்டும் அதே இடத்தில் ஒரு நெறிக்கட்டியைத் தொட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்!

அப்போது எழும் முதற்கேள்வி நோயைப் பற்றியதன்று. 'என்ன பாவம் செய்தேன்?' என்பதே. கர்மவினை என்னும் உயர்ந்த தத்துவம் பெரும்பாலும் தன்னைத்தானே வதைத்துக்கொள்வதற்கே பயன்படுகிறது. வருந்தத்தக்க செய்தி இது.

கட்டி தலைகாட்டுவதெல்லாம் நோய் மீண்டதாகாது. மடிந்த கிருமிகளின் எச்சத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி தாக்கும்போதும் நிணநீர்க் கணு வீங்கும். சிகிச்சை நடக்கையிலும் முடிந்த பின்னரும் இது நேர்வதுண்டு. சிலருக்குச் சிறு கட்டி அப்படியே தங்கிவிடும். மிஞ்சிய கிருமியாலோ புதிய தொற்றாலோ நோய் உண்மையாகவே திரும்புவதும் உண்டு. தொட்டுப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய இயலாது. கட்டியிலிருந்து ஊசியால் சிறிது எடுத்துச் சோதிக்க வேண்டும். விரைவுச் சோதனை இறந்த கிருமியையும் காட்டிவிடக்கூடும். ஆதலால் கிருமி உயிரோடு வளர்கிறதா, எந்த மருந்துக்கு அடங்கும் என்றறியப் பல வாரங்கள் காத்திருக்க நேரும்.

அந்த வாரங்களே சாதனைக்குரிய களம். வந்து போகும் இன்ப துன்பங்களைப் பொறுத்துக்கொள்ளும் திதிக்ஷையைக் கண்ணன் கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறான். பொறுத்துக்கொள் என்றவன், வில்லைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்பு என்று சொல்லவில்லை. வைத்தியரிடம் செல்லாமல் 'எல்லாம் அவன் செயல்' என்றிருப்பது பொறுமையன்று. அச்சம் அணிந்துகொண்ட பக்தி வேடம்.

முன்னோர் கண்டமாலை என்றழைத்த இந்நோய் அரசரின் கை பட்டால் தீரும் என்று இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நம்பினர். பின்னாளில் பேரகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனை, மூன்று வயதும் நிரம்பாத குழந்தையாக, 1712-இல் ஆன் அரசியிடம் கொண்டு சென்றனர். நோய் தீரவில்லை, கழுத்தில் வடு நிலைத்தது. ஆயினும் அரசி அளித்த பொற்காசை அவர் வாழ்நாள் முழுதும் அணிந்திருந்தார். அக்காலத்தில் வேறு மருந்தில்லை. ஆகவே அவரை நகைப்பது தகாது. இன்று கழுத்தில் தாயத்து இருக்கட்டும்; மாத்திரை தவறக் கூடாது.

வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. நுரையீரலில் நோயின்றிக் கணுவில் மட்டும் இருந்தால் அது மூச்சுக்காற்றால் பரவாது. தனித்தட்டு, தனிப்பாய், தனியறை எதுவும் வேண்டியதில்லை. துண்டால் கழுத்தை மறைத்துக்கொண்டு பஜனையில் கடைசி வரிசைக்கு ஒதுங்குபவரை அழைத்து அருகில் அமர்த்தலாம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதப்படுமாயின் மாத்திரை போதுமா என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வைக்கலாம். சோதனை முடிவறிய அவர் கப்பலேறும் நாளில், துணைக்கு ஒருவர் உடன் செல்லலாம்.