மூலையில் ஒரு பூ

கடையில் அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போர்வையை மூணு மாசம் உட்கார்ந்து கையால் தைப்பவனை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ‘வேலையத்த வேலை.’ இதை வசையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். தேவையே இல்லாத ஒரு வேலையைச் செய்து சந்தோஷப்படுவது சரிதானா? அதுவும், அதே வேலை இன்னொருத்தருக்குக் கூலியாகவோ, குளிரைத் தாங்க இருந்த ஒரே வழியாகவோ இருக்கும்போது?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நாலைந்து வருடமாக ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். க்வில்ட் என்பார்கள். மேலே துண்டுகளை இணைத்த ஒரு பரப்பு, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் நகராமலிருக்க ஊடே ஓட்டுத்தையல். அவ்வளவுதான் சமாசாரம். எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பன்னிரண்டாவது துண்டு கிட்டத்தட்ட அரை அங்குலம் தள்ளி நிற்கும். கட்டம் போட்ட தாளில் வரைந்து, அளந்து, வெட்டி, அப்புறம்தான் ஊசி. அலுவலக மூளைக்கு இது ரொம்பவே தோதானது.

இந்த வருடம் கவந்தி தைக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். உத்தர கன்னட மாவட்டத்தின் காட்டையொட்டிய ஊர்களில் வாழும் சித்தி இனப் பெண்களின் கலை இது. போர்த்துகீசியர்கள் காலத்தில் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். அந்த முன்னோர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வந்தவர்கள். கர்நாடக சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2003இல்தான்.

கவந்தியில் கட்டத்தாளுக்கு வேலையில்லை. ஒரு பழைய புடவையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்குகிறார்கள். கிழிந்த சட்டை, பாவாடை, எது கைக்கு வருகிறதோ அதை விளிம்பு மடித்து வைத்து, ஓட்டுத்தையலில் சுற்றிச் சுற்றி உள்ளே போகிறார்கள். க்வில்டில் பொதுவாகத் தையல் நடுவில் தொடங்கி வெளியே வரும், சுருக்கம் விழாமலிருக்க. இங்கே நேரெதிர். கடைசியில் நடுவே மிஞ்சுகிற இடம் எவ்வளவோ, அதற்கேற்ற துண்டைத் தேட வேண்டும். பழகிய கைக்கு இது வேற மாதிரி அவஸ்தை. நாலு வருட அனுபவம் ஊசி பிடிப்பதோடு சரி. ஆனாலும் ரொம்ப நாளைக்கப்புறம் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமல் ஒரு வேலையில் உட்கார்ந்திருந்தேன். அது பிடித்திருந்தது.

இதைக் கேட்ட ஒரு தோழி சொன்னாள்: “அவங்களுக்குத் துணி வாங்க வழியில்லாததால பண்ணினதை நீ பொழுதுபோக்கா பண்ற. ஏழ்மையை விளையாட்டா ஆக்குற.”

லேசில் தட்டிவிடக்கூடிய வாதமில்லை இது. நவீன க்வில்டில் இதைவிட விசித்திரம் உண்டு. புதுத்துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, திரும்பவும் ஒன்றாகத் தைக்கிறோம். கந்தல் இல்லாதவர்கள் கந்தலைத் தயாரிக்கிறோம்.

ஆனால் அவள் வாதத்தின் உள்ளே ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. வழியில்லாதவர்கள் தேவைக்காக மட்டுமே செய்தார்கள், ரசனை என்பது வசதி வந்த பிறகு வருவது என்கிற அனுமானம். கவந்தியின் நாலு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கித் தைப்பார்கள். அதற்குப் ‘பூலா’ என்று பெயர், பூ என்று அர்த்தம். அது குளிரைத் தடுக்காது, துணியைத் தாங்கிப் பிடிக்காது. ஆனால் அது இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்கள். துணிக்கே தட்டுப்பாடு உள்ள வீட்டில், எந்த உபயோகமும் இல்லாத ஒன்றுக்குத் துணி ஒதுக்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் அலபாமாவில், ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் அங்கே வேலை உடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன கணவரின் வேலைத்துணிகளை வைத்து ஒரு போர்வை தைத்தார். 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. ஒரே அளவு, ஒரே வடிவம், பிசகக் கூடாது. அந்த வேலையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் தங்கள் மனம்போல் தைத்த போர்வைகள் பின்னால் அருங்காட்சியகங்களுக்குப் போயின. 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் கண்காட்சி. 2006இல் அந்த ஊர்ப் போர்வைகள் அமெரிக்கத் தபால்தலைகளாயின.

பகல் முழுக்க மற்றவர் சொன்ன அளவுக்குத் தைத்துவிட்டு, இரவில் அதே ஊசியை எடுத்தவர்கள் அவர்கள். அந்த இரண்டாவது தையலை ‘தேவை’ என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது. அதனால் தோழிக்கு என் பதில்: சந்தோஷத்தை நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு வரவில்லை, அது அங்கேயும் இருந்தது.

இத்தோடு முடித்துக்கொண்டால் எனக்கு வசதி. ஆனால் ஒரு வித்தியாசம் மிச்சமிருக்கிறது. எனக்கு அலுத்தால் நிறுத்திவிடலாம். வீட்டில் யாரும் குளிரில் நடுங்கப்போவதில்லை. இந்த வித்தியாசத்தை ரசனையால் அழிக்க முடியாது. அப்படியென்றால் பொழுதுபோக்காகச் செய்பவனுக்கு என்ன கடமை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் என்னால் உள்ளங்கை அளவு, சுமார் 150 சதுர சென்டிமீட்டர் தைக்க முடிகிறது. ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் போர்வைக்கு 200 மணி நேரம். பழகிய கை பாதி நேரத்தில் முடிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். நூறு மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலையில் பன்னிரண்டரை நாள். நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தாலும் கூலி மட்டும் 6,250. கைவினைக் கண்காட்சிகளில் “கொஞ்சம் குறைச்சுப் போடுங்கக்கா” என்று நாம் சிரித்துக்கொண்டே கேட்பது இந்தப் பன்னிரண்டரை நாளிலிருந்துதான். இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். கட்டை விரலில் ஊசி ஏறிய பிறகு அந்தப் பேரம் வாயில் வரமாட்டேன் என்கிறது.

இன்னொன்று. “நல்லாருக்கே, ஆயிரம் ரூபாய்க்குக் கொடுங்க” என்று கேட்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது கட்டுப்படியாகும். அந்த விலை கட்டுப்படியாகாத ஒரு பெண்ணின் போர்வை அதே நாளில் விற்காமல் போகும். அதனால் நான் விற்பதில்லை. வேண்டியவர்களுக்குச் சும்மா கொடுக்கிறேன், விலைக்குத்தான் வேண்டும் என்பவர்களிடம் சித்திப் பெண்களின் கூட்டுறவு அமைப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். இது தியாகமெல்லாம் இல்லை. இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அலுத்தால் நிறுத்தும் சௌகரியம் இருக்கிறது. அந்த ஒருவர் சந்தையிலிருந்து விலகி நிற்கலாம், அவ்வளவுதான்.

என் முதல் கவந்தி இன்னும் முடியவில்லை. நடுவில் ஒரு முழம் மிச்சமிருக்கிறது. நாலு மூலையிலும் பூவை மட்டும் வைத்துவிட்டேன்.