பார்க்கும் உரிமை

ஓர் உயிரை நேசிப்பவனுக்கு அதனை நெருங்கிச் சென்று பார்க்கும் உரிமையும் உண்டா? பழைய வினாதான். புகைப்படக் கருவி எல்லோர் கையிலும் வந்துவிட்ட இந்நாளில் அது புதிய கூர்மை பெற்றுள்ளது.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிப் பஸ்ஸில் சென்றால், மொறட்டுவைக்கும் பாணந்துறைக்கும் உட்புறமாக விரிந்து கிடக்கும் பொல்கொட ஏரியை அடையலாம். வெண்வயிற்றுக் கடற்கழுகு மீன் தேடி வட்டமிடும் நீர்நிலைகளுள் அதுவும் ஒன்று. உயர்ந்த மரத்தின் கவட்டிலே சுள்ளிகளை அடுக்கிப் பெருங்கூடு கட்டி, அதனையே ஆண்டுதோறும் புதுப்பித்து வாழும் பறவை இது. இடுவது பெரும்பாலும் இரண்டு முட்டைகளே. அவற்றை ஏறக்குறைய ஆறு வாரம் அடைகாக்க வேண்டும்.

இத்தகைய கூடொன்று கண்ணிற்பட்டால் செய்தி கைபேசி வழியே ஒரே நாளில் பரவிவிடுகின்றது. யால வனத்தில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப் வண்டிகள் நெரிவதை அறியாதார் யார்? அங்கே நெரிவோர் கொடியவர்களல்லர். இயற்கையை நேசிக்கும், நடுத்தர வர்க்கத்தினராகிய நாமேதான். நாள்தோறும் அவ்வழியே செல்லும் மீனவனின் தோணியைப் பறவை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தோணியை நிறுத்தி, நிமிர்ந்து, உற்றுநோக்குபவரைக் கண்டே அது அஞ்சி எழுகின்றது. எழுந்த கணமே முட்டை வெயிலுக்கும் காகத்துக்கும் உரியதாகின்றது.

மலையகத்திலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகத்தை அவள் அனுமதியின்றிப் படம்பிடித்து, ‘எழில்மிகு இலங்கை’ என்று பெயரிடும் கண்ணும் இதே கண்தான். அவளேனும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கழுகுக்கு உள்ள ஒரே மறுமொழி கூட்டைவிட்டு அகல்வது.

படமே கூடாது என்று வாதிடுவது மூடத்தனம். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கையில் வளரும் சிறுவன் கழுகை அறிவது படத்தின் மூலமே. அறியாத ஒன்றைக் காக்க அவன் எதற்காக முன்வருவான்? அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகு, டி.டி.டி. நஞ்சினால் முட்டையோடு மெலிந்து, அலாஸ்கா நீங்கலான பெருநிலத்தில் 1963இல் 417 சோடிகளாக அருகியிருந்தது. 1972இல் அந்நஞ்சு தடைசெய்யப்பட்டது. சட்டமும் மக்கள் கருத்தும் துணைநிற்க, 2007இல் 9,789 சோடிகள் எண்ணப்பட்டன. அக்கருத்தை உருவாக்கியதிற் படங்களுக்கும் பங்குண்டு. எனினும், அழிவுப் பட்டியலிலிருந்து அப்பறவை நீக்கப்பட்ட அதே ஆண்டிலேதான், கூடு கட்டும் பருவத்தில் நடந்து வருவோரும் 330 அடி விலகி நிற்க வேண்டும் என்னும் வழிகாட்டலை அந்நாட்டு அரசு வெளியிட்டது. நேசிப்போர் பெருகியதால் அவர்களுக்கும் ஓர் எல்லை வேண்டியிருந்தது போலும்!

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோ அண்ணை” என்று சில நூறு ரூபாவை நீட்டுபவர் படத்துக்குப் பரிசு பெறுகின்றார். பறவையைக் கலைத்த பழியோ ஓடக்காரர் தலையில் விழுகின்றது. அன்றைய அடுப்பெரிய வேண்டிய ஒருவரிடம் அறத்தை எதிர்பார்த்து, வயிறு நிறைந்தவரிடம் ‘கலை’யை மட்டும் எதிர்பார்ப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? விலகி நிற்கும் கடமை முதலில் கருவியை வைத்திருப்பவருக்கே உரியது.

எமது மாணவர் சிலர் மறுகரையில் நின்று எடுத்துவந்த படமொன்று இப்போது எம் மேசைமேல் இருக்கின்றது. மரம் முழுமையாகத் தெரிகின்றது. கழுகு ஒரு வெண்புள்ளி. எந்தப் போட்டிக்கும் இது உதவாது என்று அவர்களே சொல்லிச் சிரித்தனர். பறவை எழவில்லை என்பதையும் சொன்னார்கள்.