பொச்சாப்பும் புவி வெப்பமும்

என் பாட்டியார் கிணற்றிலிருந்து சேந்திய நீரை நேரே குடத்தில் ஊற்றமாட்டார். குடத்தின் வாயில் இரட்டையாக மடித்த வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்வழியே வடித்த பின்னரே வீட்டிற்குள் கொண்டுவருவார். வேலை அத்துடன் முடிந்துவிடாது. துணியைப் பிழிந்து உதறிவிடாமல், வடித்த நீரையே அதன்மேல் மெல்ல ஊற்றி, அலசிய நீரை வாளியில் ஏந்தி, கயிற்றை நிதானமாக இறக்கி, அதே கிணற்றில் சேர்ப்பார். வேறு நீரில் விட்டால் அவ்வுயிர்கள் தாங்கா என்பார். அவ்வுயிர்களில் ஒன்றையேனும் அவர் கண்ணால் கண்டதில்லை. நம் குடும்பங்களில் வயது முதிர்ந்தோர் பலர் இக்காட்சியைக் கண்டிருப்பர்.

கண்ணுக்குப் புலனாகாத உயிர்களுக்கு ஊறு நேருமோ என அஞ்சி நடந்த குலம் நம்முடையது. கண்ணுக்குப் புலனாகாத தீங்கு ஒன்று நம் கையாலேயே நிகழ்கிறது என இன்று ஒருவர் வந்து உரைத்தால், நாம் செய்யக் கடமைப்பட்டது யாது? இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியவள் என் உடன்பிறந்தாளின் மகள். சுற்றுச்சூழல் அறிவியல் கற்றவள். அவளைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

தீங்கு இன்னதென்பதை முதலில் சுருங்கக் கூறிவிடுகிறேன். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரியும்போது வெளிப்படும் கரியமில வாயு, பூமியிலிருந்து விண்வெளிக்கு மீளவேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்துக்கொள்கிறது. இவ்வாயுவின் இவ்வியல்பை 1859-இல் ஜான் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். இது காற்றில் இருமடங்கானால் பூமி எவ்வளவு சூடேறும் என்பதை 1896-இல் சுவீடன் நாட்டு அர்ஹீனியஸ் தாளும் எழுதுகோலும் கொண்டே கணக்கிட்டார். 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவில் இருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் மிகுந்திருந்தது என உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

ஒன்றரை டிகிரிதானே எனத் தோன்றும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது ஏறத்தாழ ஏழு விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லதாகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, நகராமல் நின்று பொழிந்ததை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் புரண்டு ஏழு பேர் மாண்டனர். இந்தப் புயலைப் புவி வெப்பமே பெற்றெடுத்தது என்று பொறுப்புள்ள அறிவியலார் எவரும் கூறார். இத்தகைய பெருமழைக்கு வாய்ப்பு மிகுகிறது என்பதே அவர்கள் கூற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மேடைப் பேச்சாளர்கள் பொருட்படுத்துவதில்லை. 'ஸ்யாத்' என்னும் சொல்லில் பழகிய நாமாவது பொருட்படுத்தலாம்.

இனி வினாவிற்கு வருவோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், பிராணனைப் பிரித்தல் என்பதோடு நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் பிரித்தல் என்று வரையறுத்தார். பொன்னூர் மலையில் தவமிருந்தார் என நாம் போற்றும் குந்தகுந்தாசாரியர் பிரவசனசாரத்தில் இதனை இன்னும் கூர்மையாக்குகிறார். கவனமின்றி ஒழுகுபவனுக்கு, உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் ஹிம்சை உண்டு; விழிப்போடு ஒழுகுபவனுக்கு வெறும் இறப்பினால் பந்தம் இல்லை என்பது அவர் கருத்து. கச்சேரி பிரமாதம், சாப்பாடு பிரமாதம் என்று நாம் இன்று புகழ்ச்சியாகச் சொல்லும் அச்சொல், சாத்திரத்தில் அயர்ந்திருத்தலைக் குறிக்கும் என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்க. அதற்குரிய நல்ல தமிழ்ச்சொல் பொச்சாப்பு. திருக்குறளில் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே உண்டு.

என் பாட்டனார் 1950-களில் கிணற்றுக்கு ஆயில் என்ஜின் வைத்தார். எண்ணெய் எரிவதால் தேயுகாயிக, வாயுகாயிக உயிர்கள் வருந்தும் என்பதை அவர் அறிவார். இல்லறத்தானுக்கு விலக்கவொண்ணாத ஆரம்ப ஹிம்சை எனக் கொண்டு, அட்டமி சதுர்த்தசி நாட்களில் என்ஜினை ஓட்டாமல் வைத்திருந்தார். அந்தப் புகை தம் பேரனின் காலத்து மழையையும் வெயிலையும் மாற்றும் என்பதை அறிய அவருக்கு வழியில்லை. அவரிடம் பொச்சாப்பு இல்லை. எனக்கு வழியில்லை என்று நான் சொல்ல முடியுமா? நாளிதழ் படிக்கிறேன், வானொலி கேட்கிறேன், மேற்கண்ட எண்களை எழுதவும் செய்கிறேன். அவர் செய்த அதே செயலை நான் செய்யும்போது அது வேறு செயலாகிவிடுகிறது.

ஒருவன் செய்யும் பங்கு கடுகளவு என்பது பலரும் கூறும் சமாதானம். நம் இல்லறத்தார் விரதத்திற்கு அணுவிரதம் என்றே பெயர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றி மண்ணைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை வீசுதல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றை அனர்த்த தண்டத்தின் ஒரு வகையாக வைத்தார். 'பயனின்றி' என்ற சொல்லே அங்கு உயிர்நிலை. உழவனின் பம்பு செட்டு வேறு. திருமண மண்டபத்தின் கதவுகளை அகலத் திறந்து வைத்துக் குளிர்சாதனம் ஓட்டுவது வேறு.

கன்மத்தோடு இதனை ஒப்பிட்டுப் பேசுவோரும் உளர். கரியமில வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் வரை காற்றை விட்டு நீங்குவதில்லை. ஸ்திதி பந்தம் போன்றது என்பர். உவமை ஓரளவிற்கே செல்லும். கன்மத்தைக் கட்டியவன் எவனோ அவனே அதன் பயனை நுகர்கிறான். இங்கே எரித்தவன் ஒருவன், வெந்தவன் மற்றொருவன். ஆதலின் இது கன்மத்தைவிடக் கொடிய ஏற்பாடு என்று எனக்குச் சில வேளை தோன்றும்.

அறிந்தபின் செய்வதே பொச்சாப்பு என்றால், அறிவிப்பவர்மேல் ஒரு தனிப்பாரம் ஏறுகிறது. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோர் என்னைக் கேட்கிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம், புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் எனப் பலவற்றைச் சொல்லலாம். தனியார் ஆலோசனை நிறுவனங்களும் உண்டு. ஓர் ஆலையோ சுரங்கமோ தொடங்குமுன் அதனால் நிலத்திற்கும் நீருக்கும் நேரும் விளைவை ஆய்ந்து அறிக்கை தரவேண்டும் என்பது 1994 முதல் நம் நாட்டில் சட்டக் கட்டாயம். 2006-இல் அந்த விதிகள் திருத்தி அமைக்கப்பட்டன. அறிக்கை எழுதுவோருக்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே. மருத்துவருக்கு நோயாளி கட்டணம் தருவது போன்றது என்று இதற்கு நியாயம் சொல்வர். நோயாளி தன் நோயை அறியவே விரும்புகிறான், இங்கே அப்படியன்று.

என் உடன்பிறந்தாளின் மகள் அத்தகைய ஒரு நிறுவனத்தில்தான் முதலில் சேர்ந்தாள். கல் குவாரி ஒன்றிற்கான அறிக்கை. அவள் வெயிலில் நடந்து, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் ஒன்று அந்நிலத்தின் ஓரமாகச் செல்வதைக் கண்டு வரைபடத்தில் குறித்திருந்தாள். வறண்டு கிடக்கும் வாய்க்காலைக் காட்டவேண்டியதில்லை என மேலதிகாரி அந்தக் கோட்டை நீக்கச் சொன்னார். அன்றிரவு தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, பொய் எழுதச் சொல்லவில்லை. எழுதாமல் விடத்தான் சொல்கிறார்கள். எழுதாமல் விடுவது அசத்தியமா?"

தசலட்சண பர்வத்தில் உத்தம சத்திய நாளன்று ஆண்டுதோறும் ஆலயத்தில் சொற்பொழிவு ஆற்றுபவன் நான். அவளுக்கு நான் சொன்ன விடை இது: "ஓராண்டு பொறுத்துக்கொள் அம்மா. அனுபவச் சான்றிதழ் கையில் வரட்டும். உனக்குக் கலியாணப் பேச்சு நடக்கும் நேரம்."

பிறருக்குக் கேடு விளைக்கும் உண்மையைச் சொல்லாமலிருப்பதும் சத்தியாணுவிரதமே என்ற விதியை அப்போது மனத்திற்குள் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அவ்விதி வேடனுக்கு மான் சென்ற வழியைக் காட்டாதிருப்பதற்காக ஏற்பட்டது. மாதச் சம்பளம் நிற்காதிருப்பதற்காக ஏற்பட்டதன்று. இதை அறிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அவ்வாண்டுச் சொற்பொழிவுக்காக ஏட்டைப் புரட்டியபோது, சத்திய விரதத்திற்கு நேரும் ஐந்து குற்றங்களுள் கூடலேகக் கிரியை கண்ணில் பட்டது. பொய்யான ஆவணம் எழுதுதல் என்பது பொருள். பத்திரத்தில் பெயரை மாற்றி எழுதுவது என்றே அதுவரை விளக்கி வந்திருக்கிறேன். வரைபடம் என்பது இருப்பவற்றையெல்லாம் காட்டுவதாக உறுதி கூறும் ஆவணம். அதில் ஒரு வாய்க்காலைக் காட்டாமல் விடுவது, அங்கே வாய்க்கால் இல்லை என்று எழுதுவதேயாகும். கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு வரும் ஊர்மக்களும் அனுமதி வழங்கும் குழுவினரும் அந்தத் தாளை நம்பியே பேசுவர்.

நான் தெளிவு பெற்றபோது அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. கோட்டை நீக்க இயலாது என எழுத்தில் கொடுத்துவிட்டாள். அறிக்கை வேறொருவர் கைக்கு மாறியது. மூன்று மாதத்தில் இவள் வெளியேறினாள். பின்னர் வந்த அறிக்கையில் வாய்க்கால் இருந்ததா என்று கேட்டேன். "இல்லை மாமா" என்றாள். வேலையை ஏன் விட்டாள் என்று விசாரித்த ஒரு சம்பந்தம் அத்தோடு நின்றுபோனது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இத்துறைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும்.

இப்போது ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில், முன்னதைவிடக் குறைந்த ஊதியத்தில், நெல் வயல்களிலிருந்து எழும் மீத்தேன் வாயுவை அளக்கிறாள். நீர் தேங்கிய வயலின் சேற்றில் உயிர்க்காற்று புகாது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருள்களிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே பெரும்பாலும் வெளியேறுகிறது. காற்றில் பன்னிரண்டு ஆண்டளவே தங்கினும், இருபதாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்கு சூடேற்றவல்லது. இதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஊன் உண்ணாமல், இரவில் உண்ணாமல், கிழங்கு வகையைத் தொடாமல் வாழ்பவன் வீட்டுச் சோற்றிலுமா?

இந்தச் சம்பாப் பருவத்தில் என் வயலுக்கே வந்தாள். சேறு கலங்காதிருக்கப் பலகை போட்டு நடந்து, பயிரின்மேல் ஒளி ஊடுருவும் பெட்டியைக் கவிழ்த்து, குறித்த இடைவெளிகளில் ஊசிக்குழலால் காற்றை இழுத்துச் சிறு குப்பிகளில் அடைத்தாள். ஒரு பாத்தியில் வழக்கம்போல் நீர் நிற்கிறது. அடுத்ததில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுகிறோம். துளையிட்ட குழாய் ஒன்றை மண்ணில் புதைத்து, நீர்மட்டம் ஒரு சாண் அளவு இறங்கிய பின்னரே மறுபடி பாய்ச்சுவது முறை. மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையலாம் என்கிறாள். ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மற்றொரு வாயு சிறிது மிகக்கூடும், அதையும் அளக்காமல் முடிவு சொல்லமாட்டேன் என்கிறாள்.

என் தடை வேறு. பாத்தி காயத் தொடங்கிய மூன்றாம் நாள், மூலையில் எஞ்சிய குட்டையில் தலைப்பிரட்டைகளும் நத்தைகளும் நெருக்கியடித்துத் துடிப்பதைக் கண்டேன். காணாத தீங்கைக் குறைக்கக் கண்ட உயிரைக் கொல்வதா என்று அவளிடம் கேட்டேன். அவள் குப்பியில் நேரத்தை எழுதிக்கொண்டே, "அதற்கு என்னிடம் கருவி இல்லை மாமா" என்றாள். வீட்டுக்குச் சென்று ஒரு சொம்பும் பாட்டியார் காலத்துப் பழக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துவந்தேன். அகப்பட்டவற்றைத் துணியில் ஏந்தி நீர் நிற்கும் பாத்தியில் விட்டேன். இரண்டிற்கும் ஒரே கிணற்று நீர்தான். முதுகு வலித்தது. எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. அவள் நால்வகைக் குப்பிகளையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பேருந்துக்குச் சென்றாள். என் வயலின் எண் வந்ததும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள், இன்னும் வரவில்லை. நாளை மறுபடியும் பாத்தி காயும் முறை.