வரைகோட்டின் மறுமுனையில்

இன்று பள்ளிவாயிலில் நிற்கும் குழந்தை முதுமையடையும் காலத்தில், அதன் நாட்டு மக்கள் எவ்வளவு கற்றவர்களாயிருப்பர் என்று இப்போதே கூற இயலுமா? இயலுமெனில், அக்கூற்று நம்மை எதற்குக் கடமைப்படுத்துகிறது? முதல் வினா கணிதத்தைச் சார்ந்தது. இரண்டாவது அறத்தைச் சார்ந்தது.

முதல் வினாவுக்கு மக்கள்தொகை அறிஞர்கள் விடை கண்டுள்ளனர். ஆஸ்திரிய அறிஞர் வொல்ப்காங் லுட்ஸும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட பெருநூலில், 195 நாடுகளின் கல்வி நிலையை 2100ஆம் ஆண்டுவரை கணித்துக் காட்டினர். அக்கணிப்பின் அடிப்படை மிக எளியது. இளமையில் பெற்ற பள்ளிக் கல்வி பிற்காலத்தில் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைச் சுமந்துகொண்டே முதுமைக்குள் நடக்கிறது. எனவே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வாழப்போகும் எழுபது வயதினரின் கல்வி, இன்று முப்பது வயதினரிடம் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது.

இந்துமாக்கடலின் இரு சிறு நாடுகளை ஒப்பிட்டால் இவ்வுண்மை தெளிவாகும். மொரீசியசில் ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் வாழ்கின்றனர்; மாலத்தீவில் 2022 கணக்கெடுப்பின்படி 5 லட்சத்துக்குச் சற்று மேல். மொரீசியசில் 1977இல் இடைநிலைக் கல்வி இலவசமாயிற்று. மாலத்தீவிலோ மக்கள் ஏறத்தாழ இருநூறு தீவுகளில் சிதறி வாழ்கின்றனர். தலைநகர் மாலேக்கு அப்பாலுள்ள தீவுகளில் இடைநிலைக் கல்வி பரவலானது பல ஆண்டுகள் கழித்தே. 1977இல் 12 வயதாயிருந்த மொரீசியஸ் சிறுமி 2025இல் அறுபதை எட்டினாள். 2001இல் 12 வயதாயிருந்த மாலத்தீவுச் சிறுமி 2049இல்தான் அறுபதை எட்டுவாள். இரு நாடுகளின் இன்றைய பிள்ளைகள் ஒரே விதமாய்ப் பள்ளி செல்லினும், தாமதமான அந்த ஆண்டுகளின் இடைவெளி மறைந்துவிடுவதில்லை. அது ஒரு தலைமுறையோடு சேர்ந்து மூப்படைகிறது.

இங்கேதான் அற வினா எழுகிறது. சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் ஐந்தாண்டு தள்ளிவைக்கப்பட்டால், நாம் அதை ஐந்தாண்டு இழப்பு என்று எண்ணுகிறோம். உண்மையில் அது, அவ்வைந்தாண்டுகளில் பள்ளிப் பருவத்தைக் கடந்த பிள்ளைகளுக்கு வாழ்நாள் இழப்பு. பாலத்தைப் பிறகு கட்டலாம். கடந்துபோன பன்னிரண்டாம் வயதைத் திரும்ப அளிக்க எந்த அரசாலும் இயலாது.

ஆயினும் அளவுகோலையே முழு உண்மை என்று கொள்ளலாகாது. மாலத்தீவில் முறையான பள்ளி பரவுவதற்கு முன்பே பெரும்பாலோர் தம் தாய்மொழியான திவேகியை எழுதவும் படிக்கவும் கற்றிருந்தனர்; வீடுகளில் நடந்த மரபுப் பாடங்கள் அதற்குத் துணைநின்றன. பள்ளி வகுப்பைக் கொண்டே கல்வியை அளக்கும் பட்டியலில், அவ்வாறு கற்ற பாட்டி கல்லாதவரோடு சேர்க்கப்படுகிறாள். எண் பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்கப்பட்டதற்கு மட்டும் விடை தருகிறது. கேட்காததை நினைவில் கொள்வது நம் கடமை.

சிறு மக்கள்தொகையில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரே ஆண்டில் பிறந்தோர் அங்கே சில ஆயிரம் பேரே. அவர்களுள் கற்ற சில நூறு பேர் வெளிநாடு சென்றுவிட்டால் நாட்டின் விழுக்காடே சரிகிறது. அப்போது, சென்றவரை இழப்பென்று எழுதுவோமா? அவர் கற்ற கல்வி அவருடையதன்றோ? நாட்டின் வரைகோட்டை உயர்த்துவதற்காகவே குழந்தைக்குக் கல்வி தருகிறோம் என்றால், குழந்தையைக் கருவியாக்கிவிடுகிறோம். கல்வி முதலில் கற்பவருக்கு உரியது. நாட்டின் உயர்வு அதன் கனி.

கணிப்பு என்பது தீர்ப்பும் அன்று. 1961இல் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் மீட், மொரீசியசின் பெருகும் மக்கள்தொகையைக் கண்டு அந்நாட்டின் எதிர்காலம் குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்தார். அன்று அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஆறு குழந்தைகள். அடுத்த பதினைந்தே ஆண்டுகளில் அவ்வெண் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பெண்கள் கற்றதும், குடும்ப நலப் பணிகள் பரவியதும் அதற்குப் பெருங்காரணங்கள். மீடின் அச்சம் பொய்த்தது. அதனால் எச்சரிக்கை வீணாயிற்றா? இல்லை. "இப்படியே சென்றால்" என்னும் நிபந்தனையோடு பிறந்த கூற்று அது. அந்நாட்டு மக்கள் அப்படியே செல்லவில்லை.

கல்விக் கணிப்பும் அத்தகையதே. அறிஞர்கள் ஒரே நாட்டுக்குப் பல கோடுகள் வரைகின்றனர்: சேர்க்கை இன்றுள்ளபடியே நின்றால் ஒன்று, உலகப் போக்கில் வளர்ந்தால் ஒன்று, விரைந்து முயன்றால் மற்றொன்று. தொடக்கத்தில் எல்லாக் கோடுகளும் ஒட்டியே செல்கின்றன. ஏனெனில் முதியோரின் கல்வி முடிந்த கதை. பின்னரே அவை பிரிகின்றன. அப்பிரிவுக்குள் இருப்போர் இன்னும் பள்ளி சேராத பிள்ளைகள்.

ஆகவே நம் கடமை இருவகைப்படும். பள்ளியைத் தவறவிட்ட முதியோருக்கு நாம் வகுப்பறையைத் திரும்பத் தர முடியாது. மதிப்பும் பராமரிப்பும் தர முடியும். சிறாருக்கோ வகுப்பறையையே தர முடியும், அதுவும் சில ஆண்டுகளுக்குள் மட்டும். இரு நாடுகளில் எது முந்தும் என்னும் வினாவைவிட, கோடுகள் பிரியும் அவ்விடத்தில் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கின்றனர் என்னும் வினாவே நம் உறக்கத்தைக் கலைக்க வேண்டும்.