வேறொருவன்

மரம் வெட்டிப் பிழைக்கிற ஒருவர், 'இந்த மரத்தை வெட்ட வேண்டாம்' என்று என்னிடம் சொன்னார். நான் அவரை நம்பவில்லை.

2012-ல் நடந்தது இது. தென்காசியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு வேப்பமரம் நின்றது. அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் தானாக முளைத்த கன்று என்று சொல்வார்கள். அம்மா போன பிறகு அந்த மரத்தைப் பற்றி நல்லதாகப் பேச ஆள் இல்லை. புகார் சொல்லத்தான் ஆள் இருந்தது. இலை விழுந்து பக்கத்து வீட்டு வாறுகால் அடைக்கிறது. ஒரு கொப்பு கரண்ட் கம்பியை உரசுகிறது. காம்பவுண்டு சுவரில் விரிசல். "வேர்தான் சார் காரணம். விட்டா வீட்டையே சாய்ச்சிரும்" என்றார் சுவர் பூச வந்த கொத்தனார்.

விசாரித்தபோது ஓர் அண்ணாச்சியைச் சொன்னார்கள். மரம் வெட்டும் வேலையும் கூடவே ஒரு விறகுக்கடையும் சொந்தமாக வைத்திருப்பவர். முதலாளியும் அவரே, மரம் ஏறுகிறவரும் அவரே. ஒரு பழைய மொபெட், இரண்டு வடக்கயிறு, அரிவாள், கோடாரி, ஒரு மெஷின் ரம்பம், உதவிக்கு மச்சினன். கம்பெனி அவ்வளவுதான்.

வந்தவர் மரத்தைப் பார்க்கவில்லை. நேரே சுவரிடம் போனார். கடப்பாரையால் அடியில் கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, சுவருக்கு அஸ்திவாரமே ஒரு முழம் இல்ல. அது தானா வெடிச்சிருக்கு. வேரு அந்தப் பக்கம்லா போகுது. மரத்து மேல பழியைப் போடாதீங்க."

"அப்போ என்ன பண்ணலாம் அண்ணாச்சி?"

"கம்பியை உரசுத கொப்பையும், வாறுகால் பக்கம் சாயுததையும் கழிச்சிருவோம். கரண்ட் ஆபீஸ்ல சொல்லி லைனை மட்டும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க. எழுநூறு ரூவா குடுங்க, போதும்."

"மொத்தமா வெட்டினா எவ்வளவு?"

அண்ணாச்சி சிரித்தார். "மொத்தமா வெட்டினா நீங்க தர வேண்டாம். நான் உங்களுக்கு நாலாயிரம் தருதேன்."

இந்தத் தொழிலின் கணக்கு அதுதான். கொப்பு கழித்தால் கூலி மட்டும். உயிரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். மரத்தைச் சாய்த்தால் அடித்தடி செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டரில் இருக்கும் அறுவை மில்களுக்குப் போகும். கிளைகள் பிளந்து காய்ந்து டீக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் விறகாகும். வீடுகளுக்கு காஸ் வந்துவிட்டாலும் கல்யாண வீடும், செங்கல் சூளையும், சுடுகாடும் இன்னும் விறகைக் கேட்கின்றன. ஆக, ஒரு மரம் விழுந்தால்தான் இவருக்கு லாபம். நிற்கிற மரத்தால் நஷ்டம்தான்.

ஆபரேஷன் செய்தால் சம்பாதிக்கக்கூடிய டாக்டர், 'மாத்திரையே போதும், வீட்டுக்குப் போங்க' என்று சொன்னால் நாம் நம்ப வேண்டும்தானே? நான் அப்படி நினைக்கவில்லை. 'நாலாயிரம் கட்டுப்படியாகாது போலிருக்கு. வேண்டாம்னு சொல்லி நம்மைக் கெஞ்ச வைக்கப் பார்க்கிறார்' என்று நினைத்தேன். தனக்கு நஷ்டம் வரும்படி ஒருவர் உண்மை சொன்னால், அதில் என்ன தந்திரம் என்று தேடுகிற அளவுக்கு நாம் கெட்டிக்காரர்களாகிவிட்டோம்.

கிளம்பும் முன் அவர் இன்னொன்றும் காட்டினார். கிளை தண்டோடு சேருகிற இடத்தில் மோதிரம் போட்டதுபோல ஒரு புடைப்பு இருக்கும். "இந்த மோதிரத்தைத் தொடாம வெட்டணும் தம்பி. முதல்ல அடியில கொஞ்சம் அறுத்துட்டு அப்புறம் மேல இருந்து அறுக்கணும். இல்லைன்னா பட்டையோட கிழிஞ்சு இறங்கிரும்."

அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றிப் பின்னால் படித்தபோது இது ஞாபகம் வந்தது. மெஷின் ரம்பத்தை வைத்து ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர் அவர். மரத்தின் காயம் நம் காயம்போல ஆறுவதில்லை என்றார். காயத்தைச் சுற்றி மரம் தடுப்புச்சுவர் எழுப்பி, அதற்கு மேல் புது மரமாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. உள்ளே காயம் கடைசிவரை அப்படியே இருக்கும். அதனால் அந்த மோதிரத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தார். ஷைகோவை அண்ணாச்சி படித்ததில்லை. கையால் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"ராத்திரி யோசிச்சிட்டுச் சொல்லுங்க. எந்த மரமானாலும் பார்த்த அன்னைக்கே நான் வெட்டுததில்ல. ஒரு ராத்திரி போகட்டும். கூடு கீடு இருக்கான்னும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் யோசிக்கவில்லை. மறுநாளே வேறு ஒருவரைக் கூப்பிட்டேன். மூன்று பேர், இரண்டு மெஷின். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஐயாயிரம் கையில் கொடுத்தார்கள். வெட்டும்போது நான் வீட்டுக்குள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் கவனித்திருப்பீர்கள், மரத்தை வெட்டச் சொல்கிற யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. கூலி கொடுத்தால் வேலை மட்டுமல்ல, பாவமும் கை மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அடித்தூரைப் பார்த்தேன். ஒரு பொட்டு சொத்தை இல்லை. வேர்கள் அண்ணாச்சி சொன்ன பக்கமே போயிருந்தன. அடுத்த மழையில் அதே சுவர் அதே இடத்தில் மறுபடி வெடித்தது.

2015 சீசனில் அவரைக் குற்றாலத்தில் பார்த்தேன். மெயின் அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு டீக்கடையில் நிற்கிறேன். அண்ணாச்சி ஒரு குட்டி யானை வண்டியிலிருந்து விறகை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒளிந்துகொள்ள நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"வாங்க தம்பி, நல்லா இருக்கீங்களா?"

மன்னிப்புக் கேட்கிற தொனியில் மரத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்தார்.

"தெரியும் தம்பி. உங்க வேம்பு என் கடைக்குத்தான் வந்துச்சு. அந்தப் பயலுவ என்கிட்டதான் கொண்டாந்து எடை போட்டானுவ. நல்ல விறகு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க வாங்கினீங்களா?"

"விழுந்த மரத்தை வேண்டாம்னா அது எந்திரிச்சு நிக்குமா? வாங்கி வித்தேன். எனக்கும் அதுல பங்கு உண்டுல்லா. நான் சுத்தம்னு சொல்ல மாட்டேன்."

டீ ஆறிப்போனது. அவர் வேண்டாம் என்றதால் என்ன ஆயிற்று? மரம் பிழைக்கவில்லை. அவருக்கு எழுநூறு ரூபாய் வேலையும் போயிற்று. கடைசியில் விறகு அவர் கடைக்கே வந்தது. கணக்குப் பார்த்தால் அவர் அன்றைக்கே வெட்டியிருக்கலாம். 'நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்யப்போகிறான்' என்று நாம் தினமும் சொல்கிறோமே, அது சரிதானா?

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1973-ல் ஒரு கதை சொன்னார். ஜார்ஜ் ஒரு ரசாயன விஞ்ஞானி. வேலை இல்லை, உடம்பு சரியில்லை, சின்னக் குழந்தைகள். ரசாயன ஆயுத ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வேலை இருக்கிறது என்கிறார்கள். ஜார்ஜுக்கு அந்த ஆயுதங்களே பிடிக்காது. 'நீ வராவிட்டால் வேறொருவன் வருவான். அவன் உன்னைவிட வேகமாக ஆயுதம் செய்வான்' என்கிறார் வேலைக்கு அழைப்பவர். விளைவை மட்டும் கூட்டிக் கழித்தால் ஜார்ஜ் அந்த வேலைக்குப் போவதுதான் உலகத்துக்கு நல்லது. ஆனால், அந்தக் கணக்கில் ஜார்ஜ் என்ற மனிதனே காணாமல் போய்விடுகிறானே என்று கேட்டார் வில்லியம்ஸ். உலகத்தில் நடப்பதற்கெல்லாம் நாம் ஒரே அளவில் பொறுப்பு இல்லை. நம் கை செய்வதற்கு நமக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்பது அவர் கட்சி.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. அண்ணாச்சியின் மறுப்பு மரத்தைக் காப்பாற்றவில்லை. ஆனால், 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று சொல்லும் வசதியை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வெட்டிக்கொடுத்திருந்தால், 'சுவரைக் காப்பாற்ற மரத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது' என்று நான் இன்றைக்கும் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரே ஒருவர் மாட்டேன் என்றாலும், 'எல்லாரும்தான் செய்கிறார்கள்' என்ற வாக்கியம் பொய்யாகிவிடுகிறது.

அவர் கொடுத்த அந்த ஒரு ராத்திரியையும் இப்போது யோசிக்கிறேன். ஆறாம் நூற்றாண்டில் வராஹமிகிரர் எழுதிய பிருஹத் சம்ஹிதையில், சாமி சிலைக்கு மரம் எடுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. முந்தின இரவு மரத்துக்குப் பூஜை செய்து, 'இதில் குடியிருப்பவர்களே, வேறு இடம் போய்க்கொள்ளுங்கள்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள்தான் கோடாரி. வெட்டவே கூடாது என்று அந்த நூல் சொல்லவில்லை. வெட்டுகிறவன் ஓர் இரவு அதோடு இருக்க வேண்டும் என்கிறது. எனக்குத் தரப்பட்ட இரவை நான் தூங்கிக் கழித்தேன்.

2020-களின் தொடக்கத்தில் திருநெல்வேலி - தென்காசி சாலையை நான்கு வழியாக்கியபோது, நிழல் தந்த பெரிய பெரிய மரங்கள் விழுந்தன. யாரைக் கேட்டாலும் கை காட்ட இன்னொருவர் இருந்தார். வெட்டியவர் கான்ட்ராக்டரைக் காட்டினார். கான்ட்ராக்டருக்கு ஆர்டர். ஆர்டர் போட்டவருக்குத் திட்டம். திட்டம் யாருக்காக என்றால், சீக்கிரம் வீடு போய்ச் சேர ஆசைப்படுகிற நமக்காக. நான் அந்தச் சாலையில் சௌகரியமாகத்தான் போய் வருகிறேன். இத்தனைக்கும், குறும்பலா என்ற ஒரு பலாமரத்துக்கென்றே சம்பந்தர் தனியாக ஒரு பதிகம் பாடிய குற்றாலம் இதே பக்கத்தில்தான் இருக்கிறது.

'வேறொருவன்' என்பவனை வேறு மாதிரி நினைத்த ஒரு மனிதரும் இதே ஊரில் இருந்திருக்கிறார். 15-ம் நூற்றாண்டில் தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்தார். ராஜா அவர். 'சரிசெய்யாவிட்டால் தலை போகும்' என்று எழுதியிருக்கலாம். முகம் தெரியாத ஒருவனை நம்பி விழுந்து கும்பிட்டார். ராஜகோபுரம் பழுதாகி, வெகுகாலம் மொட்டையாகவே நின்றது. கடைசியில் யாரோ வந்தார்கள். புதிதாகக் கட்டி 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

'வேறொருவன் கெடுக்கத்தான் போகிறான்' என்று நாம் தப்பித்துக்கொள்கிறோம். 'வேறொருவன் காப்பாற்ற வருவான்' என்று அவர் தன் பங்கைச் செய்துவிட்டுப் போனார். இருவருக்கும் அந்த வேறொருவனைத் தெரியாது.

அண்ணாச்சிக்கு இப்போது வயதாகிவிட்டது. மரம் ஏறுவதில்லை. மச்சினன் மகன் ஏறுகிறான். அவர் கீழே நின்று, 'மோதிரத்தைத் தொடாதல' என்று கத்துகிறார். போன மாதம் எங்கள் தெருவில் ஒருவர், வீட்டு மாமரத்தை எடுக்க வேண்டும், ஆள் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணாச்சியின் நம்பரைக் கொடுத்தேன்.

"அவர் வெட்ட வேண்டாம்னு சொன்னாலும் சொல்வார். சொன்னால் கேளுங்க" என்றேன்.

"கேட்கலைன்னா? வேற ஆள் நம்பர் ஏதும் இருக்கா?"

இருந்தது. 2012-ல் வாங்கிய நம்பர்.

இல்லை என்றேன்.