டாக்டரம்மாவின் எடை

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று பஸ்கள் பிரிகிற செம்பட்டியில், கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: "அந்தம்மாவே அண்டா கணக்கா இருக்கு. என்னையப் போயி நடக்கச் சொல்லுது."

நான் சிரித்தேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை. அவர் நடக்கவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்து உள்ளங்காலில் புண் வந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. என் சிரிப்புக்கும் அதில் பங்குண்டு.

தான் கடைப்பிடிக்காததை ஒருவர் சொன்னால் நாம் கேட்கணுமா?

வெல்லம் தின்னும் பையன் கதை எல்லோருக்கும் தெரியும். ராமகிருஷ்ணர் என்பார்கள், சிலர் காந்தி என்பார்கள். பெரியவர் முதலில் தான் வெல்லத்தை விட்டுவிட்டு, பிறகு பையனுக்குப் புத்தி சொல்கிறார். நல்ல கதைதான். ஆனால் அது குருவுக்கான கதை. குரு தன் வாழ்க்கையைச் சாட்சியாக வைத்துப் பேசுகிறார். மருத்துவர் தன் படிப்பை வைத்துப் பேசுகிறார். குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவரை அறியச் சொல்வது நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம். மருத்துவரின் இடுப்பளவு அதில் இல்லை. கண்ணாடி போட்ட கண் டாக்டரை நாம் சந்தேகப்படுவதும் இல்லை.

உடம்பு பெருத்தால் மட்டும் ஏன் அது குணக்கேடாகத் தெரிகிறது? எடை என்றாலே மனக்கட்டுப்பாடு என்று நினைக்கிறோம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் மன உறுதி தளர்ந்துவிட்டதா என்ன?

நைட் டூட்டியில் தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. வீட்டுக்குப் போனால் அடுப்படி. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண் 97. டாக்டர் என்பதற்காக யாரும் அதில் விலக்கு தருவதில்லை.

இதற்கு முன் அம்மா பார்த்த ஆண் டாக்டருக்கும் தொப்பை இருந்தது. "கைராசிக்காரர்" என்று மட்டும்தான் பேசினோம்.

இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சிகரெட்டை விடச் சொல்கிறவர் வாயில் சிகரெட் நாற்றம் அடித்தால் அந்தச் சொல்லின் பலம் குறையத்தான் செய்யும். ஆனால் சொல் எடுபடவில்லை என்பது வேறு, சொல் பொய் என்பது வேறு. நானும் அம்மாவும் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டோம், அதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. நடக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் உடம்பு அகப்பட்டது.

புண்ணோடு போனபோது டாக்டரம்மாவால் சட்டென்று குனிய முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார்.

"மாத்திரைய ஏம்மா நிறுத்துனீங்க?"

"மறந்துட்டேன்மா" என்றார் அம்மா. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.